பட்டாளத்து அப்பாவை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவது எப்படி

சீனப் பெருநாளின் எட்டாம் நாள் இரவைப் பினாங்கில் கழித்தவர்களுக்குத் தெரியும். நள்ளிரவு நெருங்கும்போது ஹொக்கியன் சீனர்கள் வாசலில் கரும்பு கட்டி, வானத்துச் சாமிக்குப் படையல் வைத்துப் பட்டாசைக் கொளுத்துவார்கள். விடியும்வரை ஓயாது. ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட் பதினோராம் மாடியில் இருக்கிறது, அங்கே வரைக்கும் புகை ஏறி வரும். அந்த இரவு முழுக்க அப்பா குளியலறையில் உட்கார்ந்திருப்பார். விளக்கைப் போட மாட்டார். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொள்வார். "அப்பாவுக்குச் சத்தம் ஆகாது" என்று சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். சில பேருக்கு இறால் ஆகாது, அது மாதிரி.

அப்பா 1972-ல், பத்தொன்பது வயதில், மலேசிய இராணுவத்தின் ரேஞ்சர் படையில் சேர்ந்தார். மலாய்க்காரர், சீனர், தமிழர், சரவாக்கின் பூர்வகுடியான ஈபான் எல்லாரும் கலந்திருந்த காலாட்படை. மொத்தம் 22 ஆண்டு, அதில் பாதிக்கு மேல் தாய்லாந்து எல்லைக் காட்டில். முதன்முதலாக ஒரு மனநல மருத்துவர் முன்னால் அவரை உட்கார வைத்தபோது அவருக்கு வயது 68. நான் டாக்டர் இல்லை, பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறவள். நாலு வருடமாகக் கிளினிக் வாசலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அப்பாவோ மாமாவோ வீட்டுக்காரரோ இருந்தால் உதவும்.

முதல் வேலையாக நோயின் பெயரைத் தேடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இரண்டு வாரம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "கோபப்பட்டார்" என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. எதற்கு, எத்தனை மணிக்கு, என்ன செய்தார், எவ்வளவு நேரத்தில் அடங்கினார் என்று எழுத வேண்டும். என் நோட்டிலிருந்து ஒன்று:

"செவ்வாய், விடியற்காலை 3:10. எழுந்து கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை பார்த்தார். பால்கனியில் நின்றார். 4:25-க்குப் படுத்தார், தூங்கவில்லை."

இன்னொன்று நீளமானது. எதிர்வீட்டு அக்கா துணி காயப்போடும் நைலான் கயிறு ஒரு நாள் அவிழ்ந்து, நடைபாதையின் குறுக்கே கணுக்கால் உயரத்தில் கிடந்தது. மீன் தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிசு. பள்ளிக்கூடத்திலிருந்து என் மகனைக் கூட்டி வந்த அப்பா அதன் முன்னால் நின்றுவிட்டார். ஒரு கை பின்னால் போய், உள்ளங்கை தரையைப் பார்த்து விரிந்தது. நில் என்று அர்த்தம். பையன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறான். அப்பா கண்ணாலேயே கயிற்றின் இந்த முனையைத் தேடினார், தண்ணீர்க் குழாய். அந்த முனையைத் தேடினார், பூச்சட்டி. அப்புறம் காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கித் தாண்டி, திரும்பி, பையனின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து மூட்டை மாதிரித் தூக்கி இந்தப் பக்கம் இறக்கினார். நான் வீட்டு வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன், பதினோரு நிமிடம். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. உள்ளே வந்து, "என்ன சமையல்?" என்று கேட்டார்.

இதை எழுதியிருக்காவிட்டால் "சில நேரம் பதட்டப்படுவார்" என்றுதான் டாக்டரிடம் சொல்லியிருப்பேன்.

சரி, எங்கே போவது? அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்குங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். அங்கிருக்கும் டாக்டரிடம் நோட்டைக் காட்டி, பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி, பென்சென் அட்டை இருந்தால் அதுவும் இல்லை. கோலாலம்பூர்க்காரர்களுக்கு வங்சா மாஜூவில் துவாங்கு மிசான் இராணுவ மருத்துவமனை இருக்கிறது. எங்களுக்கு அது தூரம். "தலை கெட்டவங்க போற இடத்துக்கு நான் ஏன் வரணும்?" என்று அப்பா கேட்பார். தூக்கத்துக்குப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை. ஆனால் தூக்க மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு தனியார் கிளினிக்கில் அப்பாவுக்கு அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இனி முக்கியமான இடம். முதல் நாள் எங்களுக்கு வாய்த்தது சின்ன வயது மலாய் டாக்டர், மரியாதையான பெண். படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "அங்கிள், பெர்னா பெர்கி பெராங் கா?" என்று கேட்டார். போருக்குப் போயிருக்கிறீர்களா?

"தாக் பெர்னா" என்றார் அப்பா. போனதே இல்லை.

டாக்டர் படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் கோடு போட்டார். அப்பா பொய் சொல்லவில்லை. அவர் போனதற்குப் போர் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. 1948-லிருந்து 1960 வரை கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டையை அவசரகாலம் என்றார்கள். 1968-ல் மறுபடி தொடங்கி, 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹாட்யாயில் கையெழுத்தாகும்வரை நீண்ட இரண்டாம் சண்டைக்கு அந்த அளவுக்குக்கூட ஊரறிந்த பெயர் கிடையாது. அப்பாவுக்குப் போர் என்றால் ஜப்பான்காரன் வந்தது, இல்லாவிட்டால் வியட்னாம். அவர் போனது "ஓப்பராசி", இராணுவ நடவடிக்கைக்கு மலாய்ச் சொல். அந்தச் சொல்லை நான் எடுத்துக் கொடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தக் காடு, எத்தனை நாள் ரேஷன், அட்டைக் கடிக்கு என்ன பூசினார்கள் என்று அரை மணி நேரம் மலாயில் பேசினார். அதன் நடுவில்தான் 1978 வந்தது. அன்றைக்கு வயிறு சரியில்லை என்று, வரிசையின் முன்னால் நடக்க வேண்டியவர் பின்னால் போய்விட்டார். அவர் இடத்தில் கிளந்தான்காரக் கூட்டாளி ஒருவர் நடந்தார். ஜெராங்காப் சமார். காட்டுப் பாதையில் கம்பியோ நரம்போ கட்டி, தடுக்கினால் வெடிக்கிற பொறி. மேலே சொன்ன நைலான் கயிறு அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. 44 வருடக் கல்யாணத்தில் அம்மாவுக்கும் இது தெரியாது.

ஆகவே "போர்" என்று கேட்க விடாதீர்கள். அவர் புழங்கும் சொல்லை நீங்கள் டாக்டருக்குக் கொடுங்கள். ஓப்பராசி, ரோந்து, எல்லை, எதுவாக இருந்தாலும் சரி. அப்பாவுக்கு இருப்பது பி.டி.எஸ்.டி., பேரதிர்ச்சிக்குப் பின்னால் வருகிற மன அழுத்த நோய். இதில் ஒரு விசித்திரம் உண்டு. சர்க்கரை நோய்க்கு இரத்தத்தைப் பார்த்தால் போதும். இதற்கோ, உயிருக்கு ஆபத்தான ஏதோ ஒன்று வெளியில் நடந்தது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது இல்லையென்றால் கெட்ட கனவும் திடுக்கிடலும் எத்தனை இருந்தாலும் இந்தப் பெயர் கிடைக்காது. நடந்ததற்குப் பெயர் வைப்பது அரசாங்கம். அரசாங்கம் போர் என்று சொல்லாததை ஒரு கிழவர் எப்படிச் சொல்வார்?

கொஞ்சம் பழைய கதை. வேண்டாம் என்பவர்கள் தாண்டிப் போகலாம், படிவம் நிரப்பும்போது திரும்பி வருவீர்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 பிப்ரவரியில் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர், லான்செட் மருத்துவ இதழில் "ஷெல் ஷாக்", அதாவது குண்டு அதிர்ச்சி, என்ற சொல்லை அச்சில் ஏற்றினார். நினைவும் பார்வையும் வாசனையும் ருசியும் மங்கிப்போன மூன்று சிப்பாய்களைப் பற்றியது. உடனே பிரிட்டிஷ் இராணுவத்துக்குக் கணக்கு இடித்தது. எதிரியின் குண்டால் வந்தது என்றால் டபிள்யூ, அதாவது காயம்பட்டவன். அப்படி இல்லையென்றால் எஸ், வெறும் நோயாளி. டபிள்யூ போட்டவனுக்குச் சட்டைக் கையில் காயப் பட்டையும் பென்சென் உரிமையும் உண்டு, எஸ் போட்டவனுக்கு இல்லை. ஒரே நடுக்கம்தான், எழுத்துதான் வேறு. ஆட்கள் பெருகிய பிறகு 1917-ல், முன்வரிசை டாக்டர்கள் அந்தச் சொல்லையே எழுதக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதே போரில் ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்கும் இதுபோன்ற பிற குற்றங்களுக்கும் சுட்டுக்கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ், காமன்வெல்த் சிப்பாய்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது 2006-ல்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. 1970-ல் நியூயார்க்கில், வியட்னாமிலிருந்து திரும்பி அந்தப் போரையே எதிர்த்த சிப்பாய்கள் வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ராபர்ட் லிஃப்டன், சாய்ம் ஷாட்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் கூட உட்கார்ந்தார்கள். ஷாட்டன் 1972-ல் நியூயார்க் டைம்ஸில் "வியட்னாமுக்குப் பிந்தைய நோய்" என்று எழுதினார். பெயரிலேயே போர் இருந்தது, குற்றச்சாட்டும் இருந்தது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஒருவழியாகப் பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் ஏற்றுக்கொண்டபோது, வியட்னாம் என்ற சொல் பெயரிலிருந்து விழுந்துவிட்டது. கார் விபத்தில் தப்பியவர், வல்லுறவுக்கு ஆளானவர், குண்டு விழுந்த கிராமத்தில் இருந்தவர், குண்டு போட்டவர் எல்லாருக்கும் ஒரே பெட்டி. யார் அனுப்பினார்கள், எதற்கு அனுப்பினார்கள் என்று கேட்க அந்தப் பெட்டியில் கட்டம் இல்லை.

இந்த நோயே அப்படிப் பேசிப் பேசி உண்டாக்கியதுதான், போர் கொடுத்த துயரத்தை ஆஸ்பத்திரிக்குள் தள்ளிவிட்டார்கள் என்று டெரிக் சம்மர்ஃபீல்ட் போன்ற மனநல மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். படித்தேன், பாதி சரி என்று பட்டது. மீதிப் பாதி, குளியலறையில் வாளிமேல் உட்கார்ந்திருப்பவரின் மகளுக்கு உதவாது. பெயர் இல்லாமல் மாத்திரை இல்லை, ஐந்து வெள்ளிக்கு நிபுணரைப் பார்க்கத் தவணைத் தேதி இல்லை, "அவர் கோழையா?" என்று கேட்கும் சித்தப்பாவிடம் நீட்டக் காகிதமும் இல்லை. என் முடிவு இதுதான்: பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இடமில்லாத மற்றதை நீங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.

பெயர் கிடைக்காமலே போனவர்களையும் பார்த்திருக்கிறோம். சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பிய தோட்டத்துக் கிழவர்கள், நேதாஜியின் படைக்குப் போய் வந்தவர்கள். என் பாட்டி வீட்டுப் பக்கம் ஒருவர் இருந்தார், சோற்றை வேட்டி மடிப்பில் ஒளித்து வைப்பார். அவரைப் "பாவம், ஒரு மாதிரி" என்பார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குக் கோப்பு திறக்க எந்த அரசாங்கமும் இல்லை.

அப்புறம், அம்மாவின் வாயை அடைக்காதீர்கள். டாக்டர் முன்னால் என் அம்மா, "காட்டுல ஏதோ அடிச்சிருச்சு டாக்டர், முனியா இருக்கும்" என்றார். மொழிபெயர்க்காமல் விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்படிச் செய்யாதீர்கள், சொன்னதைச் சொன்னபடி மலாயில் சொல்லுங்கள். அம்மா கட்டிய தாயத்தையும் மறைக்க வேண்டாம். அம்மாவின் கணக்கில் நோய் காட்டிலிருந்து வந்தது, அப்பாவின் குணத்திலிருந்து இல்லை. டாக்டர் மூளையில் தேடுகிறார், அம்மா காட்டைக் காட்டுகிறார். இரண்டையும் கோப்பில் வைக்கச் சொல்லிக் கேட்டேன், டாக்டரும் எழுதிக்கொண்டார்.

மாத்திரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாவுக்குக் கொடுத்தது செர்ட்ராலின். வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றைப் பிரட்டும், "இது வேணாம்" என்பார். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பேச்சு சிகிச்சை உண்டா என்று நீங்களே கேளுங்கள். நடந்ததைப் பாதுகாப்பாகத் திரும்பப் பேச வைக்கும் முறைகள் இருக்கின்றன, இந்த நோய்க்கு அவைதான் முதல் வரிசை. வரிசை நீளமாக இருக்கும், அதனால் சீக்கிரமே பெயரைக் கொடுத்துவிடுங்கள். முன்பு மூன்று மணி நேரம் தூங்கியவர் இப்போது ஐந்து, சில நாள் ஆறு.

மாத்திரை தொடாத ஒன்றும் இருக்கிறது. "என் இடத்துல அவன் நடந்தான். அதுக்கு மாத்திரை எதுக்கும்மா?" என்று அப்பா கேட்டார். இது பயம் இல்லை, குற்ற உணர்ச்சி. வியட்னாம் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனதன் ஷே என்ற அமெரிக்க மருத்துவர், போர் மனசாட்சியில் விடுகிற காயத்தை "அறக்காயம்" என்ற பொருளில் தனியாகப் பிரித்துப் பேசினார். இதை டாக்டரிடம் சொல்லும்போது "மனச்சோர்வு" என்று மாற்றிச் சொல்லாதீர்கள். அவர் சொன்ன வாக்கியத்தையே சொல்லுங்கள். பதில் சொல்ல முடிந்தவர்கள் டாக்டர்கள் மட்டும் இல்லை. அப்பாவுக்குச் சனிக்கிழமை காலையில் ஒரு கோப்பிக்கடை உண்டு. பழைய ரேஞ்சர் கூட்டாளிகள் நாலைந்து பேர், கோப்பி ஓ, ரொட்டி பாக்கார். பாதி நேரம் பேசுவதே இல்லை. ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்குக் காது கேட்காது. அந்தச் சனிக்கிழமையைத் தவறவிட வைக்கிற மாதிரி எந்தத் தவணையும் வாங்காதீர்கள்.

போன வருடம் என் மச்சான் தாய்லாந்து எல்லையிலிருக்கும் பெத்தோங்குக்கு வேன் பேசினார். பினாங்கிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். வெந்நீர் ஊற்று, கோழிச் சோறு, அப்புறம் பியாமித் சுரங்கம். கம்யூனிஸ்டுகள் காட்டுக்கு அடியில் தோண்டி ஒளிந்திருந்த இடம், இப்போது சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்க்கலாம். மச்சானுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, மாமா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தார். அப்பா விளம்பரக் காகிதத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "அன்னைக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பினான். இன்னைக்கு நான் காசு கொடுத்துப் போகணுமா?" என்றார். நோட்டில் எழுதினேன். அடுத்த தவணையில் டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். கணினியில் ஏற்றவில்லை. எந்தக் கட்டத்தில் ஏற்றுவார்?

காகிதங்கள். படையிலிருந்து விடுவித்த சான்றிதழ், சேவைப் புத்தகம், பென்சென் அட்டை ஆகியவற்றை மூன்று பிரதி எடுத்து வையுங்கள். சாதாரணச் சிப்பாய்க்கு மாதப் பென்சென் கிடைக்க 21 ஆண்டு சேவை வேண்டும். அதற்கு முன்னால் வெளியேறியவர்களின் குறை இன்றும் தீராத அரசியல். முன்னாள் படையினர் விவகாரத் துறைக்கு எழுதுவதானால் முதல் மூன்று வரியில் ஆண்டு, இடம், படைப்பிரிவு இருக்கட்டும், டாக்டரின் அறிக்கையைப் பின்னால் இணையுங்கள். கூட்டி எழுதாதீர்கள். கடிதத்தில் ஒன்று, கோப்பில் ஒன்று என்று இருந்தால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். மருத்துவக் காப்புறுதி எடுக்கும்போது மனநல சிகிச்சை பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள், பின்னால் பணம் கேட்கும்போது அது இடிக்கும்.

இன்னும் சேவையில் இருப்பவர் என்றால் கணக்கு மாறும். சித்தி மகன் ஒருவன் படையில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தபோது அடுப்படியில் குரலைத் தாழ்த்தி, "அக்கா, பேர் எழுதிட்டா ஸ்ட்ரைப் போயிருமா?" என்றான். சட்டையில் இருக்கும் பதவிப் பட்டையைச் சொன்னான். போகாது என்று அவனுக்கு உறுதி கொடுக்க என்னால் முடியவில்லை. அவன் பயம் அசட்டுத்தனமும் இல்லை. அறிக்கை யார் கைக்கெல்லாம் போகும் என்று முதல் நாளே டாக்டரிடம் நேராகக் கேள் என்றேன். ஆனால் துப்பாக்கி கையில் இருக்கிறவன் தூங்காமல் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னேன்.

சாகப் போகிறேன் என்கிற பேச்சு வந்தால் தவணைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவு, இல்லாவிட்டால் 999. மனக்கஷ்டத்தில் கூப்பிட்டுப் பேசும் உதவி எண்கள், சுகாதார அமைச்சின் ஹீல் 15555, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 இரண்டையும் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். அப்பா படிக்கிறார் என்று தெரியும், படிக்கட்டும்.

எட்டாம் நாள் இரவுக்கு இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். சாயங்காலமே கூலிமில் அத்தை வீட்டுக்குப் போய்விடுவோம், அடுத்த நாள் மதியம் திரும்புவோம். கீழ்மாடிச் சீனக் கிழவரிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு முழுக் கரும்பைக் கொடுத்தனுப்பினார்.

கடைசியாக, தவணை நாள். எட்டு மணிக்கு நம்பர் எடுத்தாலும் பதினொன்றாகிவிடும், பசியாறிவிட்டுப் போங்கள். காத்திருக்கும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே நல்ல நாற்காலி இருக்கிறதே என்று அங்கே உட்கார வைக்காதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன், அப்பா மூன்று மணி நேரம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசை, முதுகுக்குப் பின்னால் சுவர், எதிரே வாசல். அங்கே நாற்காலி இல்லையென்றால் யாரிடமாவது கேட்டு மாற்றி வாங்குங்கள்.